வேரும் காளானும் கூட்டாளிகள்!

வியாதி என்று உலகம் நினைத்ததை நட்பு என்று கண்டு சொன்ன ஜெர்மன் பேராசிரியர் பிராங்கின் வாழ்க்கை வரலாறு

பிரான்சிலும் இத்தாலியிலும் ஒரு விசித்திரமான வேட்டை உண்டு. வேட்டைக்காரன் கையில் துப்பாக்கி இராது. ஒரு பிராணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போவான். முன்பு பன்றியைக் கொண்டுபோவது வழக்கம். இப்போது பெரும்பாலும் நாய்தான்.

அந்தப் பிராணி மரத்தடியில் மோப்பம் பிடித்துக்கொண்டே போகும். திடீரென்று ஓர் இடத்தில் நின்று மண்ணைப் பறிக்கும். உடனே அதை இழுத்து நிறுத்திவிட்டு, வேட்டைக்காரன் மெதுவாகத் தோண்டுவான். உள்ளே கரடுமுரடான ஓர் உருண்டை இருக்கும். பார்த்தால் கிழங்கு என்றே சொல்லத் தோன்றும்.

ஆனால் அது கிழங்கு அல்ல, காளான்! மண்ணுக்கு மேலே குடை விரிக்காமல், மண்ணுக்குள்ளேயே விளையும் காளான். அதற்கு டிரபிள் என்று பெயர். வாசனைக்காகச் சீமான்கள் வீட்டுச் சமையலில் அதைச் சீவிப் போடுவார்கள். விலையோ மிக மிக அதிகம்.

1880-களில் பிரஷ்யா சர்க்காருக்கு இந்தக் காளான் மேல் ஆசை வந்தது. ஜெர்மனியின் மிகப் பெரிய ராஜ்யம் அன்று பிரஷ்யாதான். பிரான்சுக்குப் பணம் தரும் டிரபிளை நம் காடுகளிலும் பயிர் செய்ய முடியாதா என்று அங்கே யோசித்தார்கள். விவசாயத்தையும் காடுகளையும் கவனித்து வந்த மந்திரி, இதை ஆராய்ந்து சொல்லும்படி பெர்லின் நகரத்துப் பேராசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தார்.

அந்தப் பேராசிரியரால் டிரபிளைப் பயிர் செய்ய முடியவில்லை. ஆனால் அதைவிட ஆயிரம் மடங்கு பெரிய ஒன்றை அவர் மண்ணுக்குள் கண்டார். அவர்தான் ஆல்பர்ட் பெர்னார்ட் பிராங்க்.

டிரெஸ்டனில் பிறந்தவர்

பிராங்க் 1839-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி, ஜெர்மனியின் சாக்ஸனி பகுதியில் உள்ள டிரெஸ்டன் நகரில் பிறந்தார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் தாவர சாஸ்திரம் படித்தார். 1865-ல் அதே பல்கலைக்கழகத்தில் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. உலர்த்திப் பதப்படுத்தி வைத்திருக்கும் செடி கொடிகளைப் பாதுகாப்பது அந்த வேலை.

உலர்ந்த செடிகளுக்கு நடுவே இருந்தாலும், அவர் மனம் உயிருள்ள செடிகளையே சுற்றி வந்தது. விதையை எப்படிப் போட்டாலும் வேர் கீழ்நோக்கியே போகிறதே, ஏன்? இந்த மாதிரிக் கேள்விகள் அவருக்குப் பிடிக்கும். பூமியின் இழுப்புக்கு ஏற்பச் செடி வளைவதைக் குறிக்கும் ஜியோட்ராபிசம் என்ற சொல்லை 1868-ல் வழங்கியவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 29.

கல்பாசி சொன்ன பாடம்

நம் வீட்டு மசாலாவில் கல்பாசி போடுகிறோம். பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டி வளரும் அது, பார்வைக்கு ஒரே செடிபோல இருக்கும். உண்மையில் அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று காளான்; மற்றொன்று பச்சைப் பாசி. காளான் வீடு கட்டித் தருகிறது. பாசி சூரிய வெளிச்சத்தில் உணவு சமைத்துத் தருகிறது.

இந்த இரட்டை வாழ்க்கையைச் சுவிட்சர்லாந்துக்காரரான சுவெண்டனர் 1860-களில் எடுத்துச் சொன்னார். காளான்தான் எஜமான், பாசி அதன் அடிமை என்பது அவர் கருத்து. பழைய தாவர நிபுணர்கள் பலர் இந்தக் கருத்தையே கேலி செய்தார்கள்.

பிராங்கும் பாசிகளை ஆராய்ந்தார். எஜமான், அடிமை என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்வானேன் என்று அவர் நினைத்தார். இரண்டு உயிர்கள் சேர்ந்து வாழ்கின்றன என்பதை மட்டும் குறிக்கும் ஒரு சொல் வேண்டும் என்று கருதி, 1877-ல் ஒரு சொல்லை உண்டாக்கினார். சேர்ந்து வாழ்தல் என்பது அதன் பொருள். கூட்டு வாழ்வு என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் பாடம் அங்கேதான் தொடங்கியது.

தீர்ப்பை ஒத்திப்போட்டுவிட்டு முதலில் உற்றுப் பார்ப்பது என்ற இந்தப் பழக்கம், பிற்காலத்தில் அவருக்குப் பெரிதும் கைகொடுத்தது.

காளான் என்றால் பயம்

அந்தக் காலத்தில் விவசாயிகளுக்குக் காளான், பூசணம் என்றாலே கலக்கம். பிராங்க் ஆறு வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1845-ல், ஐரோப்பாவின் உருளைக்கிழங்கு வயல்கள் அழுகிக் கருகின. அயர்லாந்தில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். அந்த அழுகலுக்குக் காரணம் ஒரு பூசணம் என்று அன்று கண்டார்கள். இலங்கையில் 1869-ல் தலைகாட்டிய இலைத்துரு நோய், காப்பித் தோட்டங்களையே அழித்துவிட்டது. அதுவும் பூசணம்தான்.

ஆகவே பூசணம் என்றால் பகை. வேரில் பூசணம் கண்டால் வியாதி. இதுதான் அன்றைய பாடம். அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர்களில் பிராங்கும் ஒருவர். செடிகளின் வியாதிகளைப் பற்றி 1880-ல் அவர் பெரிய புத்தகம் ஒன்றை எழுதி வெளியிட்டார். அதற்கு அடுத்த ஆண்டு பெர்லின் விவசாயக் கல்லூரிக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

பயிர் வியாதிகளில் இவ்வளவு தேர்ந்தவரிடம்தான் டிரபிள் வேலை வந்தது.

வேரைச் சுற்றி ஓர் உறை

டிரபிள் எங்கே விளைகிறது? சில மரங்களின் அடியில் மட்டும். ஓக், பீச், ஹேசல் போன்ற மரங்கள் அவை. அந்த மரங்களை விட்டு விலகினால் டிரபிள் இல்லை. அப்படியானால் மரத்துக்கும் காளானுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்க வேண்டும். பிராங்க் வேரைத் தோண்டி எடுத்து, மண்ணைக் கழுவி, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்.

வேரின் நுனிகள் வழக்கம்போல நீண்டு மெலிந்து இல்லை. குட்டையாக, தடித்து, பவழக் கொத்துபோலக் கிளைவிட்டிருந்தன. நுனியில் இருக்கவேண்டிய வேர்த்தூவிகளைக் காணோம். அவற்றுக்குப் பதிலாக, கைக்கு உறை போட்டதுபோல, காளான் இழைகள் வேர் நுனியை மூடி நெய்திருந்தன. அந்த உறையிலிருந்து சில இழைகள் வெளியே மண்ணுக்குள் பரவின. சில இழைகள் உள்ளே புகுந்து, வேரின் கண்ணறைகளுக்கு நடுவே வலைபோலப் பின்னியிருந்தன.

வேறொருவராக இருந்தால் வியாதி என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். பிராங்க் அப்படிச் செய்யவில்லை. வியாதி என்றால் மரம் வாட வேண்டும். இந்த மரங்களோ செழித்து நிற்கின்றன! வியாதி என்றால் சில மரங்களில்தான் இருக்கும். அவர் பல ஊர்க் காடுகளின் மர வேர்களைப் பார்த்தார். அந்த வகை மரங்கள் எல்லாவற்றிலும் அதே உறை இருந்தது. சின்னக் கன்றிலும் இருந்தது. முதிர்ந்த மரத்திலும் இருந்தது.

மண்ணைத் தொடுவது வேர் அல்ல, காளான். அப்படியானால் மரம் குடிக்கும் தண்ணீரும் சத்தும் காளான் வழியாகத்தான் போயாக வேண்டும். மரத்துக்குப் பாலூட்டும் செவிலித்தாய்க்கு அவர் காளானை ஒப்பிட்டார். 1885-ல் இந்த முடிவை வெளியிட்டு, கிரேக்க மொழியில் காளான், வேர் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து மைக்கொரைசா என்று பெயர் சூட்டினார். காளான் வேர் என்பது அதன் பொருள்.

இது முழுக்க அவர் ஒருவருடைய கண்டுபிடிப்பு என்று சொல்லிவிட முடியாது. பச்சை இலையே இல்லாத ஒரு காட்டுச் செடியின் வேரில் காளான் உறை இருப்பதைப் போலந்து நாட்டு காமியென்ஸ்கி 1881-லேயே எழுதியிருந்தார். ஆனால் இது ஏதோ ஒரு செடியின் விநோதம் அல்ல, காடு முழுவதும் நடக்கும் ஏற்பாடு என்று சொன்னவர் பிராங்க்.

சண்டை கிளம்பியது

பிராங்க் சொன்னதைப் பலர் நம்பவில்லை. பெரிய ஓக் மரம், கண்ணுக்குத் தெரியாத பூசணத்தின் தயவில் வாழ்கிறதா? இதென்ன பேச்சு என்று கேட்டார்கள்.

எதிர்த்தவர்களில் முக்கியமானவர் மூனிக் நகரத்துப் பேராசிரியர் ராபர்ட் ஹார்ட்டிக். அவரும் சாமானியர் அல்ல. காட்டு மரங்களின் வியாதிகளைப் பற்றிய சாஸ்திரத்துக்கே தந்தை என்று போற்றப்படுபவர். மரத்தைக் காளான் எப்படி அரித்துக் கொல்கிறது என்பதை உலகுக்குக் காட்டியவர். அவர் கண்ணுக்கு வேர்க் காளானும் உண்டு கொழுக்கும் ஒட்டுண்ணியாகவே பட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிராங்கும் ராபர்ட் ஹார்ட்டிக்கும் ஒரே ஆண்டில், 1839-ல் பிறந்தவர்கள். இருவரும் பயிர் வியாதி நிபுணர்கள். இன்னொரு வேடிக்கை: வேரின் கண்ணறைகளுக்கு நடுவே ஓடும் அந்த வலையை முதலில் படம் வரைந்து காட்டியவர் ராபர்ட்டின் தந்தை தியோடர் ஹார்ட்டிக்! 1840-லேயே வரைந்துவிட்டார். ஆனால் அது காளான் என்று அவருக்குத் தெரியாது. தகப்பனார் வரைந்த வலைக்குப் பிராங்க் பொருள் சொன்னார்; பிள்ளை அதை மறுத்தார். இன்றும் அந்த வலைக்கு ஹார்ட்டிக் வலை என்றே பெயர்.

தொட்டியில் பரிசோதனை

வாய்ப்பேச்சால் இந்தச் சண்டை தீராது என்று பிராங்குக்குத் தெரியும். காட்டு மண்ணை எடுத்தார். அதில் ஒரு பங்கை நன்றாகச் சூடுபடுத்தி, அதிலிருந்த காளான்களைக் கொன்றார். மற்றொரு பங்கை அப்படியே விட்டுவிட்டார். இரண்டிலும் கன்றுகளை வளர்த்தார்.

சூடுபடுத்திய மண்ணில் வளர்ந்த கன்றுகளின் வேரில் காளான் உறை இல்லை. அவை சோனியாக நின்றன. சாதாரணக் காட்டு மண்ணில் இருந்த கன்றுகள் உறை போட்டுக்கொண்டு செழித்தன. பீச் கன்றுகளிலும், பிறகு பைன் கன்றுகளிலும் அவர் இந்தப் பரிசோதனையைச் செய்து காட்டினார்.

ஆனாலும் ஒரு சந்தேகத்துக்கு இடம் இருந்தது. மண்ணைச் சூடாக்கினால் காளான் மட்டுமா சாகிறது? மண்ணின் குணமும் மாறுகிறது. கன்று வாடியதற்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாமே? இந்தக் கேள்விக்கு முழு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின.

1887-ல் பிராங்க் இன்னொரு படி முன்னேறினார். காளான் வேர் இரண்டு வகை என்று பிரித்தார். வேருக்கு வெளியே உறை போடுவது ஒரு வகை. வேரின் கண்ணறைக்கு உள்ளேயே போய்க் குடியிருப்பது மற்றொரு வகை.

அவரும் தவறினார்

பிராங்க் எல்லாவற்றிலும் சரியாகச் சொன்னார் என்று நினைக்க வேண்டாம். பட்டாணி, அவரை இனச் செடிகளின் வேரில் சிறு முண்டுகள் இருக்கும். நிலக்கடலைச் செடியைப் பிடுங்கியவர்கள் பார்த்திருப்பார்கள். அந்த முண்டுகளில் உள்ள கிருமிகளின் உதவியால் செடி காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்துக்கொள்கிறது என்று 1886-ல் ஹெல்ரீகல் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அறிவித்தார். பிராங்க் அதை முதலில் முழுமையாக ஏற்கவில்லை. காளானின் உதவியை உலகம் ஏற்கவில்லையே என்று வருந்தியவர், கிருமியின் உதவியை ஏற்கத் தயங்கினார்! ஆயினும் 1889-ல் அந்தக் கிருமிக்கு ரைசோபியம் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அந்தப் பெயரை இன்று நம் ஊர் உரக் கடையிலும் பார்க்கலாம்.

பெர்லினில் இருந்த ஜெர்மன் சுகாதார இலாகாவில் பயிர் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று தொடங்கினார்கள். 1899-ல் அதற்குத் தலைவராகப் பிராங்கை நியமித்தார்கள். அந்தப் பதவியில் அவர் நீண்ட நாள் இருக்கவில்லை. 1900-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி பெர்லினில் காலமானார். வயது 61. அடுத்த ஆண்டு ராபர்ட் ஹார்ட்டிக்கும் மறைந்தார். சண்டை போட்ட இருவரும் போய்விட்டார்கள். சண்டை மட்டும் தீரவில்லை.

பைன் மரம் சொன்ன சாட்சி

1920-களில் சுவீடன் விஞ்ஞானி எலியாஸ் மெலின், காளானைத் தனியாக வளர்த்து, பைன் கன்றின் வேரோடு சேர்த்துக் காட்டினார். மண்ணைச் சூடாக்கியதால் வந்த குழப்பம் இதில் இல்லை. 1950-களில் அடையாளம் போட்ட அணுக்களைக் கொண்டு மேலும் பரிசோதித்தார். மண்ணின் சத்து காளான் வழியாகக் கன்றுக்குப் போனது. கன்று சமைத்த உணவு காளானுக்குப் போனது. பிராங்க் சொன்னது சரியாயிற்று.

கடல் தாண்டியும் சாட்சி கிடைத்தது. பைன் மரமே இல்லாத போர்ட்டோ ரிக்கோ தீவில், பைன் காடு வளர்க்கப் பல ஆண்டுகள் முயன்றார்கள். விதை முளைக்கும், கன்று மஞ்சளாகி நின்றுவிடும். 1955-ல் அமெரிக்காவின் வட கரோலினாவிலிருந்து பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கன்றுகளின் அடியில் கலந்தார்கள். அந்த மண்ணில் காளான் இருந்தது. கன்றுகள் பச்சைபிடித்து எழுந்தன. பைன் விதை மட்டும் கடல் தாண்டி வந்திருந்தது. அதன் கூட்டாளி வரவில்லை. அதுதான் முதலில் நேர்ந்த குறை.

கொடுக்கல் வாங்கல்

இந்தக் கூட்டு எப்படி நடக்கிறது? மணிச்சத்து மண்ணில் எளிதாக நகராது. வேர் தன் பக்கத்தில் உள்ளதை உறிஞ்சிவிட்டால், அந்த இடம் காலியாகிவிடும். தள்ளி இருப்பது கிட்டே வராது. காளான் இழையோ தலைமயிரைவிட மிக மெல்லியது. வேர் நுழையாத சந்திலும் அது நுழையும். வேருக்கு எட்டாத தூரம்வரை போய் மணிச்சத்தைக் கொண்டுவரும். தழைச்சத்தும் தண்ணீரும் சேர்க்க உதவும்.

காளான் இதைச் சும்மா செய்யவில்லை. அதற்குப் பச்சையம் இல்லை. உணவு சமைக்கத் தெரியாது. இலை வெயிலில் சமைக்கும் உணவில் ஒரு பங்கை வேர் வழியாகக் கூலியாக வாங்கிக்கொள்கிறது. சில செடிகள் ஐந்தில் ஒரு பங்குவரைகூடக் கொடுக்கின்றன.

பூமியில் உள்ள செடி இனங்களில் பெரும்பாலானவை இந்தக் கூட்டில் சேர்ந்தவை. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் போன்ற சில மட்டுமே தனிக்குடித்தனம் நடத்துகின்றன. ஸ்காட்லாந்தில் கிடைத்த, 40 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லாய்ப்போன செடிகளிலும் இந்தக் காளான் இருக்கிறது. செடிகள் நிலத்தில் கால் ஊன்றிய ஆதி நாளிலேயே இந்தக் கூட்டு ஏற்பட்டுவிட்டது!

ஒரே காளான் பக்கத்து மரங்களின் வேர்களையும் தொடும். அதன் வழியாக மரங்கள் ஒன்றுக்கொன்று உணவு அனுப்புகின்றனவா? 1997-ல் கனடா காட்டில் சுசான் சிமார்ட் என்ற பெண் விஞ்ஞானியும் அவரது தோழர்களும் மரத்துக்கு மரம் கரிச்சத்து போவதைக் காட்டினார்கள். எந்த வழியாக, எவ்வளவு போகிறது, அதனால் மரத்துக்கு லாபம் உண்டா என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. பிராங்க் தொடங்கிய சண்டைக்கு வயதாகவில்லை.

நம் வயலிலும் உண்டு

வேருக்கு உள்ளே குடியிருக்கும் வகை நம் பயிர்களில் உண்டு. சோளம், மக்காச்சோளம், நிலக்கடலை, பருத்தி, மிளகாய், தென்னை எல்லாம் அந்தக் கூட்டில் சேர்ந்தவை. கண்ணுக்குத் தெரியாது, வேருக்குச் சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். இதை வேர் உட்பூசணம் என்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிறது. நாற்றங்காலில் இடும் உயிர் உரமாகவும் தருகிறது. இந்தப் பூசணம் தனியாக வளராது. மக்காச்சோளம் போன்ற உயிருள்ள செடியின் வேரிலேயே வளர்த்து எடுக்க வேண்டும். துணை இல்லாமல் வாழ முடியாத அளவுக்கு அதன் கூட்டு நெருக்கமானது.

மணிச்சத்து உரத்தை அளவுக்கு மீறிக் கொட்டினால், செடி காளானுக்குக் கூலி கொடுப்பதைக் குறைத்துவிடும். அடிக்கடி ஆழ உழுதால் இழைகள் அறுபடும். இவற்றை விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது.

டிரபிளும் விளைந்தது

அது சரி, பிரஷ்யா சர்க்கார் கேட்ட டிரபிள் என்ன ஆயிற்று?

பிராங்கின் காலத்தில் அது விளையவில்லை. ஆனால் 1970-களில் பிரான்சிலும் இத்தாலியிலும் ஒரு வழி கண்டார்கள். ஓக், ஹேசல் கன்றுகளின் வேரில் டிரபிள் விதைத்தூளைச் சேர்த்து, காளான் உறை பிடித்த பிறகு தோட்டத்தில் நட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து மரத்தடியில் டிரபிள் விளைந்தது. இன்று பிரான்சில் கிடைக்கும் டிரபிளில் பெரும்பகுதி இப்படி நட்டு வளர்த்த தோப்புகளிலிருந்தே வருகிறது. டிரபிளைத் தனியாகப் பயிர் செய்ய முடியாது. மரத்தோடு சேர்த்துத்தான் வளர்க்க முடியும். பிராங்க் கண்டு சொன்ன உண்மைதான் அதற்கு வழி காட்டியது.

டிரபிள் கேட்ட பிரஷ்யா ராஜ்யம் இப்போது இல்லை. 1947-ல் அது தேசப் படத்திலிருந்தே மறைந்துவிட்டது. பிராங்க் வைத்த பெயர் மட்டும் உலகம் முழுவதும் தாவர சாஸ்திரப் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. வியாதிகளைப் பற்றியே புத்தகம் எழுதியவர், வியாதிபோலத் தோன்றிய ஒன்றைக் கண்டபோது, தீர்ப்புச் சொல்லும் முன் மரத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். மரம் செழிப்பாக இருந்தது. அதை நம்பினார்.